அஞ்சுகத்தின் போன்

மூன்றாவது மணி அடித்தபோதே எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் இப்படி மின்சார ரயிலில் கதவோரக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கைக்கு ஒரு போனாக வைத்துக்கொண்டு, இதைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதுமாக வரவேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியில் ஏறியதிலிருந்து வைத்திலிங்கத்தின் மனசு இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தது, எடுத்திருக்கலாம், எடுத்திருக்கலாம் என்று. ஒரு போன் அவருடையது. இன்னொன்று அவர் மனைவி அஞ்சுகத்தினுடையது. அஞ்சுகம் பங்குனியில் போய்விட்டாள், அவள் போன் மட்டும் இன்னும் போகவில்லை. அதற்குச் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் பண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இந்த மனிதர் ஊரெல்லாம் சுமந்து திரிகிறார் என்றால் அதற்குக் காரணம் அவர் மாமியார். திருத்துறைப்பூண்டியில் தனியாக இருக்கும் தையல்நாயகி அம்மாளுக்கு போனில் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. இரண்டாம் நம்பர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மெட்ராசில் மகளுக்கு அடிக்கும். இரண்டு மணி அடித்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். இந்தப் பக்கம் எடுக்கக் கூடாது. எழுந்துவிட்டேன், காபி குடித்துவிட்டேன், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கெல்லாம் சேர்த்து அந்த இரண்டு மணி. ஒவ்வொரு காலுக்கும் காசு பிடித்த காலத்தில் அஞ்சுகம் போட்ட ஏற்பாடு அது. பிறகு பேச்சுக்குக் காசு கிடையாது என்று ஆன பிறகும் ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது, நம் ஊரில் எல்லா ஏற்பாடும் நிற்பதைப் போல. மகள் செத்த பிறகும் நின்றது. காரியமெல்லாம் முடிந்து மெட்ராஸ் வந்த மறுநாள் காலையில், பீரோ மேல் அநாதையாகக் கிடந்த போன் இரண்டு மணி அடித்து அடங்கியது. திரையில் ‘அம்மா’ என்று வந்து போனது. அன்றைக்கு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அதற்கடுத்த நாளும் அடித்தது. அப்புறம் அது பழகிவிட்டது, பல் தேய்ப்பதைப் போல.

இன்றைக்கு இரண்டு மணியோடு நிற்கவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது அடித்தது, சரி, கிழவிக்குச் சிவப்புப் பொத்தான் கைக்கு அகப்படவில்லை என்று நினைத்தார். நான்காவது அடித்தது, விரல் நடுக்கம் என்று நினைத்தார். அப்புறம் நினைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நுரை காதோரம் வழிய, கையில் ரேசரோடு, போனுக்கு எதிரே போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கக் கூடாது என்பது அவருக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அது மட்டுமல்ல, எடுத்தால் பேச வேண்டும். மாமியாரோடு அவர் பேசியதே கிடையாது. சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து வழக்கம், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அஞ்சுகம், மாப்பிள்ளைக்கு இன்னொரு இட்லி வையி என்பார். இவர், போதும்னு சொல்லு என்று அஞ்சுகத்திடம் சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், நடுவில் அஞ்சுகம் தபால்காரியாக நின்று சிரிப்பாள். நான் செத்தா யாரு மூலமா பேசிப்பீங்க, நானில்லாம ரெண்டு பேரும் ஊமையாத்தான் உக்காரணும் என்று ஒரு தீபாவளிக்குக் கேலி பண்ணினாள். அது கேலி என்றுதான் அப்போது மூன்று பேருமே சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. ஆகவே போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது. அவர் மீதி முகத்தைச் சிரைத்துக்கொண்டார். இனி சரியான இரண்டு மணி வரும், தவறாக அடித்ததைத் திருத்திக்கொண்டு முறைப்படி அடிப்பார் என்று காத்திருந்தார். குளித்தார், போனைக் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துக் குளித்தார். வரவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீழே விழுந்துகிடக்கிற ஒருத்தி, தெரிந்த ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு, எடு, எடு என்று கிடந்தால், அது இந்தப் பக்கம் எப்படி அடிக்கும்? இப்படித்தானே அடிக்கும்.

வண்டலூர் வருவதற்குள் எத்தனை தடவை மாமியாரைக் கூப்பிட்டுப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. தன் போனிலிருந்து ஒரு தடவை, அவள் போனிலிருந்து ஒரு தடவை. அஞ்சுகம் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பார் என்று ஏன் தோன்றியதோ. மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, பிறகு ஒரு பெண் வந்து எல்லா மொழியிலும் தன்மையாகச் சொல்கிறாள், பதில் இல்லை என்று. அந்தக் குரலில் ஒரு பதற்றமும் கிடையாது. தாம்பரத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. ஒருவர், சார் கொஞ்சம் உள்ளே போங்க, கதவுல நின்னுக்கிட்டு ரெண்டு போன் வேற என்றார். வைத்திலிங்கம் நகர்ந்துகொண்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னவென்று சொல்வது? என் மாமியார் வழக்கமாக இரண்டு மணி அடிப்பார், இன்றைக்கு ஏழெட்டு மணி அடித்துவிட்டார், அதனால் செத்துப்போயிருப்பார் என்றா? கேட்கிறவன் சிரிப்பான். நினைத்துப் பார்த்தால் அவருக்கே சிரிப்பு வரப் பார்த்தது, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுக்களையிலிருந்து கொல்லைக்கு இறங்கும் இடத்தில் ஒரு படி உடைந்திருக்கிறது. அதைச் சிமெண்ட் வைத்துப் பூசணும் என்று அஞ்சுகம் நாலு வருஷமாகச் சொன்னாள். அடுத்த தடவை போறப்ப ஆளை வச்சுப் பூசிடலாம் என்று இவர் நாலு வருஷமாகச் சொன்னார். இப்போது அந்தப் படி அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. படிக்குக் கீழே வெள்ளைத் தலைமுடி விரிந்து கிடந்தது. போன் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. வாசல் கதவில் பால் பாக்கெட் பை தொங்கியது, வெயில் ஏற ஏறப் பால் திரிந்தது. இதை எல்லாம் அவர் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று தெரியும், ஆனாலும் பால் திரிகிற வாடை வரைக்கும் வந்துவிட்டது. கண்ணை மூடினால் அதிகமாகத் தெரிந்தது. திறந்துகொண்டார்.

ஜெயக்கொடிக்கு போன் பண்ணலாம். பக்கத்து வீட்டுப் பெண், வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள், ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. நம்பர் இருக்கிறது. அந்த நம்பரில்தான் கட்டை விரல் நின்றுகொண்டே வருகிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. ஆடி மாதம் ஒரு தடவை இதே மாதிரிக் காலையில் மணி அடிக்காமல் போய், இவர் பயந்து ஜெயக்கொடியைக் கூப்பிட்டார். அவள் இவரைவிடப் பயந்தவள். தெருவையே கூட்டிவிட்டாள். எவனோ கொல்லைச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறான். அங்கே தையல்நாயகி அம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்திருக்கிறார், போனில் சார்ஜ் தீர்ந்துபோனது தெரியாமல். எண்ணெய் வடிகிற தலையும் கிழிந்த புடவையுமாகத் தெரு ஜனம் முன்னால் நின்ற அவமானம் அந்த அம்மாளுக்கு ஒரு மாதத்துக்கு இருந்ததாம். மாப்பிள்ளை இனிமே இப்படி ஊரைக் கூட்ட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்கண்ணே என்று ஜெயக்கொடியே சொன்னாள். அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று ஜெயக்கொடியின் குரலில் தெரியவில்லை. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது, அதைத் தொட அவருக்குப் பயம். பங்குனியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அஞ்சுகம் போய்விட்டாள் என்று அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தபோதும் இவர் ஜெயக்கொடியைத்தான் கூப்பிட்டார். பெற்றவளுக்கு நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை. நீ போய் மெதுவா சொல்லும்மா என்று சொல்லிவிட்டு போனை வைக்கவும் மறந்து காதிலேயே வைத்திருந்தார். தையல் மெஷின் நின்றது கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டுவது கேட்டது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது, மனுஷ சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. அவர் போனை அணைத்துவிட்டார். தான் பாட்டுக்கு வேறு யாரையோ அனுப்பி ஒரு கிழவியின் தலையில் இடியை இறக்கிவிட்டு, தான் மட்டும் போனை அணைத்துவிட்டார். அதே கதவை மறுபடி ஜெயக்கொடி தட்ட வேண்டும், இவர் மறுபடி இங்கே இருந்து கேட்க வேண்டும். விரல் அங்கேயே நின்றது.

குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில், கூப்பிடாமலே ஒரு எண்ணம் வந்தது. போயிருந்தால் போகட்டுமே. எழுபத்தெட்டு எண்பது வயசு, பெற்ற பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டு இருந்து என்ன ஆகப்போகிறது? உனக்கும் ஒரு கவலை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கலாம். ஒரு கல்யாணத்துக்குப் போனால் நாதஸ்வர சத்தத்தில் மணி கேட்காதோ என்று பந்திக்குப் பாதியில் எழுந்து வெளியே ஓட வேண்டாம். போனைச் சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சு சுடுவதைப் போல இருக்கிறதே, அது இருக்காது. எண்ணம் நன்றாக உட்கார்ந்து பேசியது, வீட்டு மனுஷர் மாதிரி. அவர் அதை விரட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு ஸ்டேஷன் தூரம் அதற்கு இடம் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். காரியத்துக்கு யார் யாருக்குச் சொல்வது என்றுகூடப் போய்விட்டது மனசு. எந்த பஸ்ஸில் போவது, கொள்ளி வைக்கிறது நான்தான், பிள்ளையில்லாதவளுக்கு மாப்பிள்ளைதானே. வேலை பார்க்கிற மருந்துக் கடையில் முதலாளியிடம் எப்படி லீவு கேட்பது, இப்போதுதானே வீட்டுக்காரிக்கு என்று எடுத்தாய் என்பாரோ. சட்டென்று இன்னொன்று தோன்றியது. அந்த அம்மாள் போய்விட்டால் அஞ்சுகம் போனுக்கு யார் கூப்பிடுவார்கள்? லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களைத் தவிர ஒருத்தரும் இல்லை. குழந்தை குட்டி இல்லை. அஞ்சுகத்துக்கு மூக்கில் மச்சம் இருந்தது, தனக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போதுகூடப் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கோபம் வந்தால் பாத்திரத்தைத்தான் பேசவிடுவாள், இதெல்லாம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டில் ஒன்று திருத்துறைப்பூண்டியில் உடைந்த படிக்குக் கீழே கிடக்கிறது. மற்றது பல்லாவரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு லீவு கணக்குப் போடுகிறது. தூ என்று துப்ப வேண்டும் போலிருந்தது, துப்புவதற்கு வாயில் எச்சில் இல்லை. இனி ஒன்றும் மிச்சம் கிடையாது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று எனக்கு யாரும் அடிக்கப் போவதில்லை, நான் அடிப்பதற்கும் ஆள் இருக்காது, ஒரு நாள் நான் விழுந்து கிடந்தால் இரண்டு போனும் பக்கத்தில் சும்மா கிடக்கும். வண்டி நின்றது, பழவந்தாங்கல். இறங்க வேண்டிய இடம் எழும்பூர். அவர் இங்கேயே இறங்கினார், ஏன் என்று கேட்டால் காற்றுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்.

வண்டி போனதும் பிளாட்பாரம் அமைதியானது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். யோசிக்காமல் அழுத்தினார், யோசித்தால் விரல் மறுபடி நின்றுவிடும். ஜெயக்கொடி உடனே எடுத்துவிட்டாள். ஊரைக் கூட்டாதே, நீ மட்டும் போ, மெதுவாகக் கூப்பிட்டுப் பார் என்று அவர் சொல்ல, என்னண்ணே ஆச்சு என்று அவள் குரல் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. போனை வைக்காதம்மா என்றார். தையல் மெஷின் நின்றது. செருப்புச் சத்தம். கதவு தட்டுவது. அதே கதவு. அவர் இந்தத் தடவை அணைக்கவில்லை, காதை நசுக்கிக்கொண்டு நின்றார். பெரியம்மா, பெரியம்மா. மறுபடி தட்டுவது. ஒரு எருமையின் கழுத்து மணி. யாரோ சைக்கிளில் போகிறவன் என்ன என்று கேட்கிறான், ஒன்றுமில்லை போ என்கிறாள். மறுபடி தட்டுவது. குழாயைச் சரியாக மூடாமல் யாரோ போயிருந்தார்கள். அதைப் போய் மூடினார். மூடியும் சொட்டியது. பிறகு தாழ்ப்பாள் சத்தம், மரக் கதவு இழுபடுகிற சத்தம், அதற்குப் பின்னால் மிகவும் சாதாரணமாக, என்னடி என்று ஒரு குரல். வைத்திலிங்கம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் கரகரவென்று வந்ததை, ஸ்டேஷனில் யார் பார்த்தால் என்ன என்று துடைக்காமல் விட்டுவிட்டார். அங்கே ஜெயக்கொடி திட்டிக்கொண்டிருந்தாள், அண்ணன் எத்தனை தடவை போன் அடிச்சாரு, எங்க போனீங்க, உசுரே போயிடுச்சு அவருக்கு என்று. அதற்கு அந்த அம்மாள் சொன்னது அவருக்கு நன்றாகக் கேட்டது. எங்கேயும் போகலை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், அடிச்சுது, பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், எடுத்து என்னத்த பேசறது, அதான் எடுக்கலை. ஆக இந்த முனையில் அவர் சோப்பு நுரையோடு பார்த்துக்கொண்டு நின்றார், அந்த முனையில் அவர் மாமியார் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவு இல்லாவிட்டால் என்ன, இருவரும் கதவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லாத்தான் இருக்கேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு என்றார். அது அந்த மாப்பிள்ளையின் காதுக்குள்ளேயே விழுந்தது. நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன் என்று ஜெயக்கொடி ஒரே பிடியாகப் போனை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டாள் போலிருக்கிறது. வளையல் உரசியது. மூச்சு கேட்டது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இருவருக்கும் நடுவில் ஆள் இல்லை. வைத்திலிங்கம் எழுந்து நின்றுகொண்டார், உட்கார்ந்து பேசுவது மரியாதையில்லை என்று தோன்றியது. செருப்பைக்கூடக் கழற்றப் போனார். மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

“மாப்பிள்ளைங்களா,” என்றார் தையல்நாயகி அம்மாள். “ஒண்ணுமில்லைங்க, பயந்துடாதீங்க. காலையில எந்திரிச்சதுலேர்ந்து அஞ்சுகம் நெனப்பாவே இருந்துச்சு. இங்க யாரும் அது பேரை எடுக்கறதில்லைங்க. நான் அழுவேன்னு பயந்துக்கிட்டு, நான் போனாலே பேச்சை மாத்திடறாங்க. யாராச்சும் ஒருத்தர் வாயால அது பேரைச் சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. உங்களை விட்டா யாரு இருக்கா. அதான் நிறுத்தாம அடிச்சேன்.”

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார், வெகு நேரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைப் போல. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வைத்திலிங்கத்துக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் உள்ளே இல்லை. காலையிலிருந்து அதுதான் இருந்தது, பங்குனியிலிருந்து அதுதான் இருந்தது, மார்பு முட்ட நிறைந்து கழுத்து வரைக்கும் வந்து நின்றது. மாமியார் எதிரில் பெண்டாட்டி பெயரைச் சொல்கிற ஆண்பிள்ளை அவர் வீட்டில் கிடையாது. வீட்டில என்பார்கள், உங்க பொண்ணு என்பார்கள், தொண்டையைக் கனைத்துக் காட்டுவார்கள். அதெல்லாம் இப்போது என்ன மயிருக்கு என்று அவருக்கே தோன்றியது. அஞ்சு எழுத்து, ஒரு வாய்க் காற்று போதும். உதடு பிரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போது சொல்லிவிடுகிறேன், இதோ என்று நினைத்தார். சொன்னால் தான் இந்தப் பிளாட்பாரத்திலேயே உடைந்து விழுந்துவிடுவோம், அதை அந்த அம்மாள் கேட்டுவிடுவார், கேட்டால் அங்கே அவர் உடைவார் என்று நினைத்தார். அப்படி உடைவதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறார் என்றும் நினைத்தார். நினைப்பெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் காத்திருந்தார்கள். கடற்கரை போகிற அடுத்த வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏதாவது சொல்ல வேண்டும், பெரியவர்கள் பேசி முடித்தால் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக அஞ்சுகம் வழியாக அந்த வீட்டுக்கு அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை தானாக வந்து வாயில் விழுந்தது.

“சரிங்க அத்தை,” என்றார்.

அப்புறம் அந்த அம்மாள், சரிங்க மாப்பிள்ளை, உங்களுக்கு வேலைக்கு நேரமாகும் என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. வளையல் உரசியது, போன் கை மாறியது. வைத்திலிங்கம் அத்தை என்றார், அத்தை, இருங்க என்றார். வண்டி பிளாட்பாரத்துக்குள் இரைந்துகொண்டு வந்தது, ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தினார். ஜெயக்கொடியின் குரல்தான் வந்தது, கொஞ்சம் தணிந்து, உள்ளே இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற குரல்.

“அண்ணே, பெரியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்களே. என்னண்ணே சொன்னீங்க அவங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லலைம்மா,” என்றார் வைத்திலிங்கம்.